சிற்றூரில் குற்றம் 64 சதவீதம் கூடியதா? லிங்கன்ஷயர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: நானும் என் கணவரும் எட்டு ஆண்டுகள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியிருந்துவிட்டு, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் அறுநூறு பேர் மட்டுமே வசிக்கும் ஒரு சிற்றூரில் வீடு வாங்கி, கடந்த ஆண்டு குடிவந்தோம். நான் செவிலியர், வாரத்தில் மூன்று இரவுகள் பணி. கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். மாமியாரும் இரு குழந்தைகளும் உடன் இருக்கிறார்கள். காவல்துறையின் இணைய வரைபடத்தில் எங்கள் ஊரைத் தேடிப் பார்த்தேன். முந்தைய ஆண்டில் 14 குற்றங்கள், கடந்த ஆண்டில் 23. அதாவது 64 சதவீதம் கூடியிருக்கிறது. முதலிடத்தில் "வன்முறையும் பாலியல் குற்றங்களும்" என்ற தலைப்பு இருக்கிறது. அதன் கீழ் எங்கள் தெருவின் பெயரே இருந்தது. ஊரில் ஒரு காவலரைக்கூட இதுவரை நான் பார்த்ததில்லை. வீட்டில் கல்யாண நகைகள் இருக்கின்றன. ஊர் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் ஏதாவது எச்சரிக்கை வருகிறது, ஒருமுறை மாலை நடைக்குப் போன என் கணவரையே யாரோ படமெடுத்து "இந்த ஆள் யார், தெரியுமா?" என்று போட்டிருந்தார்கள். லண்டனுக்கே திரும்பிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஊரை விட்டுக் கிளம்ப வேண்டிய அளவுக்கு அந்த எண்களில் எதுவும் இல்லை. இரவுப் பணிக்குப் புறப்படும்போது வீட்டை நினைத்துக் கலங்கும் ஒருவரை விளக்கத்தின் முடிவுவரை காத்திருக்கவைப்பது முறையாகாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் அந்த எண்கள் எப்படி உருவாகின்றன என்பது தெரிந்தால்தான் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று நீங்களே பிரித்தறிய முடியும். உள்ளாட்சி மன்றமொன்றின் சமூகப் பாதுகாப்புப் பிரிவில் பல ஆண்டுகள் இந்தப் பட்டியல்களோடு பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

14 என்பது 23 ஆனால் 64 சதவீத உயர்வு என்ற கணக்கில் பிழையில்லை. ஆனால் சிறிய எண்களின்மேல் சதவீதத்தை ஏற்றினால் அது ஊதிப் பெரிதாகத் தெரியும். ஆண்டுக்குச் சராசரியாகப் பதினெட்டு சம்பவங்கள் நடக்கும் ஓர் ஊரில், எந்தச் சூழலும் மாறாமலேயே, ஓர் ஆண்டு 14 என்றும் அடுத்த ஆண்டு 23 என்றும் தற்செயலாக அமைவதில் புள்ளியியல் படித்த யாரும் வியப்படைய மாட்டார்கள். கூடியவை ஒன்பது பதிவுகள். பன்னிரண்டு மாதங்களில் பரப்பிப் பார்த்தால் மாதத்துக்கு ஒன்றுகூட இல்லை. இத்தகைய ஊர்களில் சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, குறைந்தது ஐந்தாண்டுப் பதிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றும் என்ன வகை என்று பார்ப்பதே சரியான வழி. அப்படி எழுதும்போது "சமூக விரோத நடத்தை" என்ற தலைப்பில் உள்ளவற்றைத் தனியே வைத்துவிடுங்கள். இரவில் உரத்த இசை, விளையாட்டுத் திடலில் சிறுவர் கூச்சல் போன்ற புகார்களும் அதில் அடங்கும்; வரைபடத்தில் அவை தென்பட்டாலும் குற்றக் கணக்கில் சேர்வதில்லை.

ஆயிரம் பேருக்கு இத்தனை என்ற விகிதத்தையும் கவனத்தோடு கையாள வேண்டும். உங்கள் 23 பதிவுகளை 600 பேரால் வகுத்தால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 38 வருகிறது. மோசடிகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்குமான காவல்துறைப் பதிவு ஆயிரத்துக்கு 80-க்கும் மேல் இருக்கிறது. எனவே உங்கள் ஊர் அந்தச் சராசரியில் பாதிக்கும் கீழேதான் நிற்கிறது. இந்த விகிதத்தின் குறையும் எனக்குத் தெரியும்: வகுக்கும் எண் குடியிருப்போரை மட்டுமே குறிக்கிறது, அங்கே வந்துபோவோரைக் குறிப்பதில்லை. லண்டன் நகரின் நடுவிலுள்ள சிட்டி ஆஃப் லண்டனில் 2021 கணக்கெடுப்பின்படி குடியிருப்போர் சுமார் 8,600 பேர். பகலில் வேலைக்கு வருவோரோ பல இலட்சம். அங்கு விகிதம் கணக்கிட்டால் உலகிலேயே அபாயமான இடம் போலத் தோன்றும். இதே கோளாறு சிறிய அளவில் ஊர்ப்புறத்திலும் நடக்கும். நடைப்பயணிகள் வண்டி நிறுத்தும் ஒரு திடல் ஊர் எல்லைக்குள் இருந்தால், அங்கே உடைக்கப்படும் வெளியூர்க் கார்கள் அனைத்தும் உங்கள் அறுநூறு பேரின் கணக்கில் ஏறிவிடும்.

தெருப் பெயரைப் பார்த்து அதிர்ந்தீர்கள் அல்லவா? அதற்கும் விளக்கம் உண்டு. 2011 முதல் வெளியாகும் இந்த வரைபடம் சம்பவம் நடந்த இடத்தை அப்படியே காட்டுவதில்லை. பாதிக்கப்பட்டவரின் வீடு தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சம்பவத்தையும் முன்பே குறிக்கப்பட்ட மிக அருகிலுள்ள புள்ளிக்கு நகர்த்திவிடுகிறார்கள். அப்புள்ளியைச் சுற்றி ஆட்கள் குடியிருந்தால், குறைந்தது எட்டு முகவரிகளாவது அதற்குள் அடங்க வேண்டும் என்பது விதி. நகரத்தில் இந்த நகர்வு சிறியதாக இருக்கும். வீடுகள் தள்ளித் தள்ளி நிற்கும் லிங்கன்ஷயரில் அரை மைல் தள்ளிய பண்ணையில் நடந்ததுகூட உங்கள் தெருவின் பெயரில் வந்து உட்காரலாம். "இத்தெருவில் அல்லது அருகில்" என்று அவர்கள் எழுதுவதில் "அருகில்" என்ற சொல்தான் முக்கியமானது.

அடுத்து, உங்களை மிகவும் கலங்கவைத்த தலைப்பு. "வன்முறையும் பாலியல் குற்றங்களும்" என்ற ஒரே பெட்டிக்குள் கொலையும் வல்லுறவும் இருக்கின்றன. காயமேதும் ஏற்படாத தள்ளுமுள்ளு, தொல்லை தரும் குறுஞ்செய்திகள், பின்தொடர்தல், மிரட்டல் ஆகியவையும் அதே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. என் பணிக்காலத்தில் ஒரு சிற்றூரின் வன்முறைப் பதிவுகள் திடீரென மூன்று மடங்கான காரணத்தைத் தேடிப் போனபோது, அவற்றில் பெரும்பகுதி வேலிச்செடி வெட்டுவதில் மூண்ட தகராறில் இரு குடும்பங்கள் மாறி மாறி அனுப்பிய செய்திகளைப் பற்றிய புகார்கள் என்று தெரியவந்தது. பதியும் முறையும் இடையில் மாறியிருக்கிறது. காவல்துறைக்கு வரும் புகார்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று குற்றமாகப் பதியப்படாமலே போகிறது என்றும், வன்முறைப் புகார்களில் அது மூன்றில் ஒன்று என்றும் 2014-இல் காவல்துறைகளின் செயல்பாட்டைச் சோதிக்கும் அரசு ஆய்வு அமைப்பு கண்டறிந்தது. அதன் பிறகு ஒழுங்காகப் பதியத் தொடங்கியதால் நாடெங்கும் இந்தத் தலைப்பின் எண்ணிக்கை ஏறியது. அது நல்ல மாற்றம் என்றே கருதுகிறேன். காவல்துறைப் பதிவுகளுக்கு இருந்த, நம்பகமானவை என்பதற்கான தேசியப் புள்ளிவிவரம் என்ற தகுதியும் அதே 2014-இல் நீக்கப்பட்டது. மக்களையே நேரில் கேட்டு நடத்தப்படும் தேசியக் குற்றக் கணக்கெடுப்போ, 1995-இல் உச்சம் தொட்ட திருட்டும் வன்முறையும் அதன்பின் பெருமளவு இறங்கிவிட்டன என்று சொல்கிறது.

அப்படியானால் கவலைப்பட எதுவுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது ஈஸ்ட் ஹாமில் நீங்கள் கண்டதைப் போன்றதாக இருக்காது. உங்கள் வட்டாரத்தில் அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையானதும் முயல் வேட்டைக் கும்பல்கள் வருகின்றன. வேட்டை நாய்களை விட்டு முயலைத் துரத்தி, எந்த நாய் வெல்லும் என்று பெரும்பணம் பந்தயம் கட்டும் இக்கூட்டத்தார் வேலிகளை உடைத்து, பயிரின்மேல் வண்டியோட்டி, தட்டிக்கேட்கும் உழவர்களைத் தாக்கவும் தயங்காதவர்கள். லிங்கன்ஷயர் காவல்துறை இவர்களுக்கெதிராகத் தொடங்கிய "ஆபரேஷன் கலிலியோ" பின்னர் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. 2022-இல் வந்த சட்டம் ஆறு மாதம்வரை சிறை விதிக்க வழி செய்திருக்கிறது. வயலோரத்தில் நாய்களுடன் வண்டிகளைக் கண்டால் அருகே போகாதீர்கள். வண்டி எண், நேரம், போகும் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அவசர எண்ணான 999-ஐ அழையுங்கள். இவை தவிர, டிராக்டர்களில் பொருத்திய வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவிகள், குவாட் பைக் எனும் நான்கு சக்கரப் பண்ணை வண்டிகள், தேவாலயக் கூரையின் ஈயத் தகடுகள் ஆகியவையே களவு போகின்றன. 2018-இல் பெட்ஃபோர்ட்ஷயரின் ஹவ்டன் கான்குவெஸ்ட் என்ற சிற்றூரில் பழைய தேவாலயத்தின் கூரையிலிருந்து டன் கணக்கில் ஈயத்தை உரித்துச் சென்றார்கள். ஊர்ப்புறக் குற்றங்களால் ஐக்கிய ராஜ்ஜியம் முழுவதும் 2023-இல் ஏற்பட்ட இழப்பை 5.28 கோடி பவுண்டு என்று என்.எஃப்.யு. மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனம் மதிப்பிட்டது. உங்கள் ஊருக்கு எரிவாயுக் குழாய் வராமல், நம் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயைத் தொட்டியில் நிரப்பி வீட்டைச் சூடேற்றுகிறீர்கள் என்றால், அந்தத் தொட்டியும் குறி வைக்கப்படும் பொருளே. சாலையிலிருந்து பார்த்தால் அது தெரியாதபடி செய்து, பூட்டிட்டு, மட்டம் சட்டென இறங்கினால் ஒலியெழுப்பும் கருவி ஒன்றைப் பொருத்துங்கள்.

வரைபடத்தில் மிகக் குறைவாகப் பதிவாகும் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஊர்ப்புறங்களில் வீட்டுக்குள் நடக்கும் வன்கொடுமை நெடுங்காலம் வெளியே வருவதில்லை. பேருந்து இல்லை, அக்கம்பக்கத்தார் எல்லாரும் கணவரின் நண்பர்கள், மருத்துவருக்கும் இரு தரப்பையும் தெரியும் என்ற நிலையில் ஒரு பெண் யாரிடம் போவாள்? செவிலியரான உங்கள் கண்ணில் இத்தகையவர் படக்கூடும். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கும் தேசிய உதவி எண் 0808 2000 247. பேச முடியாத நிலையில் கைபேசியில் 999-ஐ அழைப்பவர், கேட்கும்போது 55-ஐ அழுத்தினால் அழைப்பு காவல்துறைக்கு மாற்றப்படும். அழுத்தினாலும் இருப்பிடம் தானாகத் தெரிந்துவிடாது என்பதால், முடிந்தால் இடத்தை முணுமுணுப்பாகவேனும் சொல்ல வேண்டும்.

காவலரைக் கண்ணால் கண்டதேயில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. லிங்கன்ஷயர் காவல்துறை ஏறக்குறைய 5,900 சதுர கிலோமீட்டரைக் காக்கிறது. லண்டனில் நீங்கள் பார்த்துப் பழகிய ரோந்து அங்கே சாத்தியமில்லை. ஆயினும் கேட்டுப் பெற வேண்டிய சில உங்களுக்கு உண்டு. வீடு புகுந்து திருடிய ஒவ்வொரு சம்பவத்துக்கும் நேரில் வருவோம் என்று இங்கிலாந்து, வேல்ஸின் 43 காவல்துறைகளும் 2022 அக்டோபரில் உறுதியளித்திருக்கின்றன. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பெயர் சொல்லித் தொடர்புகொள்ளத்தக்க அலுவலர் இருக்க வேண்டும் என்று 2025-இல் அரசு அறிவித்திருக்கிறது. நீங்கள் பார்த்த அதே இணையதளத்தில் ஊரின் பெயரை இட்டால் அவர் யார், அடுத்த சந்திப்பு எங்கே என்பன கிடைக்கும். சிறிய சம்பவமாயினும் அவசரமல்லாத அழைப்புகளுக்கான 101 எண்ணிலோ இணையத்திலோ பதிவு செய்யுங்கள். "அவர்கள் வரவா போகிறார்கள்" என்று ஊரே சும்மா இருந்துவிட்டால் பதிவு குறையும். பதிவு குறைந்த இடத்துக்கு ஆளும் குறையும். எண்ணிக்கை கூடியதைக் கண்டு நீங்கள் அஞ்சினீர்கள். சில ஊர்களில் மக்கள் சொல்லத் தொடங்கியதால் மட்டுமே அது கூடியிருக்கிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி வீட்டுக்கு வருவோம். அந்நாட்டின் பிளாஸ்டிக் சட்டக் கதவுகளைச் சாத்தினால் மட்டும் பூட்டிக்கொள்வதில்லை. கைப்பிடியை மேலே தூக்கிச் சாவியைத் திருப்பினால்தான் உள்ளிருக்கும் கொக்கிகள் இறங்கும். ஊர்ப்புறத்தில் பின்கதவைத் திறந்து வைத்திருப்பது இன்னும் வழக்கமாக இருப்பதால், திருடர் எதையும் உடைக்காமலே உள்ளே போகிறார்கள். பூட்டின் உருளை மூன்று நட்சத்திரத் தரமுடையதா என்று பாருங்கள்; இல்லையெனில் ஒரு பூட்டுத் தொழிலாளி அரைமணி நேரத்தில் மாற்றிவிடுவார். சாவியில்லாமல் இயங்கும் கார் இருந்தால், அதன் மின்சாவியை வாசலருகே மாட்டாமல், அலையைத் தடுக்கும் பையில் போட்டு வையுங்கள். ஒருமுறை திருடப்பட்ட வீட்டுக்கு வெகு விரைவில் மறுபடியும் திருடர் வரும் வாய்ப்பு அதிகம்; ராச்டேலின் கர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களில் நடந்த முயற்சியில், திருடப்பட்ட வீட்டையும் அதன் அண்டை வீடுகளையும் உடனே பலப்படுத்தியதால் களவு பெரிதும் குறைந்தது. ஆகவே பக்கத்து வீட்டில் களவு நடந்தால் அந்த வாரமே உங்கள் பூட்டையும் பாருங்கள்.

நகைகளைப் பற்றித்தான் உண்மையில் கவலைப்படுகிறேன். தெற்காசியக் குடும்பங்களில் தங்கம் இருக்கும் என்பது அந்நாட்டுத் திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். தீபாவளி சமயத்தில் காவல்துறையே ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. ஆயிரம் வீடுகளுக்கு நடுவே ஒன்றாக இருந்தபோது இல்லாத தனித்தன்மை, ஊரில் ஒரே தமிழ்க் குடும்பமாக இருக்கும்போது உங்களுக்கு வந்துவிடுகிறது. தாலிக்கொடியும் நாள்தோறும் அணிவதும் தவிர மற்றவற்றைக் கட்டணப் பெட்டகத்துக்கு மாற்றிவிடுங்கள். பெருவங்கிகள் பலவும் லாக்கர் சேவையை நிறுத்திவிட்டதால் தனியார் பெட்டக நிறுவனத்தைத்தான் நாட வேண்டியிருக்கும். வீட்டில் வைக்கத்தான் வேண்டுமென்றால் சுவரிலோ தரையிலோ திருகி இறுக்கிய பெட்டகம் வேண்டும். படுக்கையறை பீரோவும் பூஜை அலமாரியும் அவர்கள் முதலில் தேடும் இடங்கள். ஒவ்வொரு நகையையும் அளவுகோலுடன் சேர்த்துப் படமெடுத்து, எடையும் குறித்து, காப்பீட்டு ஆவணத்தில் ஒரு பொருளுக்கான உச்சவரம்பு எவ்வளவு என்று இன்றே வாசியுங்கள். அந்த வரம்புக்கு மேற்பட்ட ஆரம் ஒன்றைப் பெயர் சொல்லிச் சேர்க்காமல் விட்டிருந்தால், களவு போனபின் வரும் தொகை உங்களை அழவைக்கும்.

கடிதத்தின் இறுதியில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட அந்தப் படம் என் மனத்தை விட்டு அகலவில்லை. தன் தெருவில் நடந்துபோன மனிதரைப் படமெடுத்து ஊரிடம் அடையாளம் கேட்டது அநியாயம். உங்கள் கணவர் அதைச் சிரித்துக் கடந்திருக்கலாம். அதற்குப்பின் அவர் மாலை நடையை நிறுத்திவிட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை நாள், நேரத்துடன் சேமித்து வையுங்கள். நிறத்தையோ இனத்தையோ குறித்த பகையுள்ள சொற்கள் உடன் இருந்தால் அதை வெறுப்புச் சம்பவமாகக் காவல்துறையிடம் தெரிவிக்கலாம். அப்படி ஏதும் இல்லையெனில் முதலில் குழு நடத்துநரிடம் நேராகப் பேசுங்கள்: "அவர் என் கணவர், நாங்கள் இன்ன வீட்டில் இருக்கிறோம், இது எங்களை வருத்தியது" என்று சொல்லுங்கள். அடுத்து, பாரிஷ் கவுன்சில் எனும் ஊர் மன்றத்தின் கூட்டத்துக்குக் குடும்பமாகப் போங்கள். கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பெரும்பாலும் தொடக்கத்தில் பொதுமக்கள் பேச நேரமும் ஒதுக்குவார்கள். ஆட்களின் தோற்றத்தை எழுதக்கூடாது, செயலையும் வண்டி எண்ணையும் நேரத்தையும் மட்டுமே எழுத வேண்டும் என்ற ஒரே விதியைக் குழுவுக்குப் பரிந்துரைக்கும்படி அங்கே கேளுங்கள். "சந்தேகமான ஆள்" என்ற செய்தியால் எந்தக் காவலருக்கும் பயனில்லை. "வெள்ளை வேன், இன்ன எண், பின்தோட்டக் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள்" என்பதால் பயன் உண்டு. உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் சுமை உங்கள்மேல் மட்டும் விழுவது சரியல்ல என்பதை நான் அறிவேன். ஆனாலும் உங்கள் கணவரின் முகம் நாற்பது வீடுகளுக்குத் தெரிந்த பின், நீங்கள் இரவுப் பணியில் இருக்கும்போது வீட்டைச் சுற்றி நடமாடும் அந்நியனை அந்த நாற்பது வீடுகளும் கவனிக்கும்.

இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. பிரிட்டனின் முதல் அண்டை வீட்டார் கண்காணிப்புக் குழு 1982-இல் பெருநகரில் தோன்றவில்லை. செஷயரிலுள்ள மோலிங்டன் என்ற சிற்றூரில்தான் தோன்றியது. இத்தகைய குழுக்கள் எல்லா இடத்திலும் ஒரே பலனைத் தந்ததாகச் சொல்ல முடியாது. ஒருவர் பெயரை ஒருவர் அறிந்த ஊரில் அவை உயிரோடு இருக்கின்றன. பலகை மட்டும் மாட்டிய தெருவில் இல்லை. உங்கள் ஊரில் குழு இருந்தால் சேருங்கள். வாசலில் கேமரா வைப்பதானால் உங்கள் எல்லைக்குள் மட்டும் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். அண்டை வீட்டுத் தோட்டத்தையும் பேச்சையும் பதிந்தவருக்கெதிராக 2021-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நீதிமன்றத் தீர்ப்பே வந்திருக்கிறது.

கடைசியாக உங்கள் மாமியார். அந்நாட்டுக் கணக்கெடுப்பில் குற்றங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு மோசடி. அது எந்த வரைபடத்திலும் உங்கள் தெருவில் புள்ளியாக விழாது. பகலில் நீங்கள் உறங்கும்போது தொலைபேசியை எடுப்பவர் அவர்தான். காவல்துறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, வங்கியில் தவறு நடக்கிறது, பணத்தையோ நகையையோ எடுத்து வையுங்கள், ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்று ஏமாற்றும் கும்பல்கள் முதியவர்களையே தேடுகின்றன. எந்தக் காவலரும் வங்கியும் அப்படிக் கேட்பதில்லை என்று இன்றே தமிழில் அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். வங்கியின் பெயரில் யார் அழைத்தாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு 159-ஐ அழைத்தால் பெரும்பாலான வங்கிகளுக்கு அதுவே இணைத்துவிடும். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் "யார் கேட்டாலும் கொடுக்காதே, வைத்துவிடு, மகனைக் கூப்பிடு, 159" என்று எழுதி, தொலைபேசிக்கு மேலே ஒட்டிவிட்டு இன்றிரவு பணிக்குப் போங்கள்.